நீளக் காம்பு

ஊத்தான் மெலிந்தாங்கில், ஆற்றுக்குப் போகும் பாதையில்,
செம்பனைக் குலை வாங்கும் கொட்டகை.
லோரி ஏறி நின்றால்
திரையில் எண் வரும்.
அந்த எண்ணை வரவைத்தவள் நான்.

மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி, மூன்று தவணை.
முதலாவது காசாக, ரப்பர் வளையம் போட்டு.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவதற்குத் தவுக்கே தேநீர் வாங்கித் தந்தார்,
சீனி குறைத்து, நான் கேட்டபடியே.

பில்லில் இருந்தது ஒரே வரி:
எடை சிஸ்டம், ஒரு செட்.
செட்டில் என்னென்ன சேரும் என்று
அன்றைக்கு இருவருமே கேட்கவில்லை.

"லோரி வாங்கியவன் நான். எஞ்சின் மட்டும் உன்னுடையதா?"
மலாயில் கேட்டார் தவுக்கே இங் கோக் செங்.
கோலாலம்பூரிலிருந்து மருமகன் கெல்வின் வந்திருக்கிறான்,
அவனுக்கு மூலநிரல் வேண்டுமாம்.
பீடோரில் இரண்டு கொட்டகை, தெலுக் இந்தானில் ஒன்று,
இதையே போட்டு விற்கப் போகிறார்களாம்.

லோரி தந்தாயிற்று,
நீங்கள் கேட்பது பட்டறையை
என்று சொல்லியிருக்கலாம்.
வீட்டில் சட்டி கழுவும்போதுதான் தோன்றியது.
அங்கே சொன்னது, "பாக்கியைக் கொடுங்கள், பார்ப்போம்."

பட்டறை முழுதும் எனது என்றும் சொல்ல முடியாது.
லோரி நம்பரைப் படிக்கும் பகுதி
யாரோ ஒரு போலந்துக்காரன் எழுதி
எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தது.
தராசுப் பெட்டியோடு பேசும் நாற்பது வரி
பழைய முதலாளியின் ஆபீசில் எழுதி
வேலையை விட்டபோது தலைக்குள் கொண்டுவந்தது.
மீதி என்னுடையது.
மீதியில் ஒரு வரி:
பத்துக் கிலோவுக்கு மேல் மிஞ்சும் சில்லறையை வெட்டு.
தவுக்கே சொன்னார், எழுதினேன்.
ஒரு லோரிக்கு நாலு கிலோ, ஒன்றுக்கு ஒன்பது,
விற்க வந்தவன் கணக்கில் காணாமல் போகும்.
அந்த வரி யாருக்குச் சொந்தம் என்று மட்டும்
ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

வக்கீல் பவளராணி ஒப்பந்தம் கேட்டார்.
வாட்சாப்பைக் காட்டினேன்.
"செய்யச் சொல்லிக் கூலி தந்தவருக்கே போகும்,
வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தாலொழிய.
பேசிக்கொண்டீர்களா?"
தேநீரைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.
ஆலோசனைக்கு முந்நூறு.

கெல்வின் அதுவரை காத்திருக்கவில்லை.
கொட்டகைக் கணினியில் பூட்டாமல் கிடந்ததை
ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் வழித்துக்கொண்டு போனான்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்குச் செய்தி:
மிஸ் யோகமலர், காம்பு என்றால் என்ன?

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைப்பது என் பழக்கம்.
காய். அழுகல். காம்பு. மண்.
குலையில் என்னவெல்லாம் கழிப்பார்களோ அவை.
அழுகலை அவன் 'அஸுகல்' என்று
குரல்பதிவில் சொல்லி அனுப்பினான்.
மண்ணை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு,
ஆளுக்கு ஏன் இரண்டு சதவீதம் கழிக்கிறாய் என்றான்.

திருடியவனுக்கு அகராதி எழுதுவார்களா?
எழுதினேன்.
காம்பு நீண்டால் எடை போலியாக ஏறும்,
அதைக் கழிக்கத்தான் அந்த எண்.
மண், ஒட்டிக்கொண்டு வரும் மண்.
கோபம் இருந்தது. ஆனாலும்
நான் எழுதியதை வரி விடாமல்
ஒருவர் படிப்பது இதுதான் முதல் தடவை.

விடியற்காலை ஒன்றரை வரை கேட்டான்.
இருபத்தாறு பெயர்கள்.
நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு இருக்க வேண்டும்.
கடைசித் திரையில் கீழே, சிவப்புக் கட்டத்துக்கு
நான் வைத்த பெயர் பாக்கி.
அதற்கு மட்டும் அவன் அர்த்தம் கேட்கவில்லை.
மலாயிலும் அது பாக்கிதான்.