திரும்பியது யார்

ஃபாரோ தீவுகளின் தென்கோடியில்
கிழக்கு பார்த்த கடற்காவல் அறை.
இரவு இரண்டு பத்து.
கண்ணாடிக்கு வெளியே இருட்டு,
இருட்டுக்குள் எங்கோ கடல்,
திரையில் மட்டும் ஒரு புள்ளியாய்
காட் மீன் ஏற்றி வரும் ‘ஸ்தியோர்னா’.

ரன்வாவுக்குக் காலையில் இயற்பியல் தேர்வு.
முப்பத்தாறு வயதில் முதலாம் ஆண்டு.
ரேடாருக்குப் பாதி மேசை, நோட்டுக்குப் பாதி,
நடுவில் ரொட்டி, காய்ந்த ஆட்டிறைச்சி.

கிழக்கே மூன்று மைல், வடக்கே நான்கு.
தொலைவு ஐந்து; இதில் வம்பில்லை.
படகு நேர் தெற்காக எட்டு நாட் என்று
புறப்படும்போதே சொல்லியிருந்தான் ஹோக்னி.
திரையிலோ தொலைவு குறையும் வேகம்
ஆறு புள்ளி நான்கு.

“வேகத்தைக் குறைச்சிட்டீங்களா?”
“ஏன் குறைக்கணும்? எட்டுதான்.”
வானொலியில் அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

நோட்டைப் பார்த்தாள்.
நிலை என்பது தொலைவு பெருக்கல் திசை
என்று எழுதி,
தொலைவை மட்டும் வகையிட்டுவிட்டு
திசையைச் சுவரில் அடித்த ஆணியாய்
அப்படியே விட்டிருந்தாள்.
போன தேர்விலும் இதே இடத்தில்தான் சிவப்பு மை.

எழுந்தாள். மழை விட்டிருந்தது.
வடகிழக்கில் ஒரு மஞ்சள் பொட்டு.
அதை நோக்கி விரல் நீட்டினாள்,
நீட்டியதை மடக்கவில்லை.
விளக்கு போகிற போக்கில் விரலும் போனது.
தோள் கடுத்தது. மறுகையால் முழங்கையைத் தாங்கினாள்.

இரண்டு நாற்பது.
கை இப்போது நேர் கிழக்கில்.
தொலைவு மூன்று,
இந்தக் கணத்தில் குறையவுமில்லை கூடவுமில்லை.
பூஜ்யம் என்கிறது திரை.
பூஜ்யமாம்!
கண்ணெதிரே குறுக்காக
எட்டு நாட்டில் போய்க்கொண்டிருக்கிறான் மனுஷன்.

அவன் திரும்பவே இல்லை.
திரும்பியது என் விரல்.
அந்தத் திருப்பத்துக்கும் ஒரு வேகம் உண்டு,
அதைக் கூட்ட மறந்துவிட்டு
ஆளைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

உட்கார்ந்து எழுதினாள்:
தொலைவு மாறும் வேகம் ஒரு பங்கு,
கோணம் மாறும் வேகத்தைத் தொலைவால் பெருக்கினால்
காணாமற்போன பங்கு, இரண்டு பத்துக்கு நான்கு புள்ளி எட்டு.
இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினாள்.
அறுபத்து நான்கு.
ஆளில்லா அறையில் சத்தமாகச் சிரித்தாள்.

மூன்று பத்துக்கு வானொலி கரகரத்தது.
“இப்போ சரியா இருக்கா என் வேகம்?”
ஆறு புள்ளி நான்கில் விலகிக்கொண்டிருந்தான்.
“சரியாத்தான் இருக்கு. அப்பவும்.”

பதிவேட்டில்: ஸ்தியோர்னா, தெற்கு, எட்டு.
வலது தோள் இன்னும் வலித்தது.
இடது கையால் ரொட்டியைத் தின்றாள்.