மூன்றாம் திருத்தத்துக்குப் பதில்

பெயர்ச் சபையின் செயலாளருக்கு,
நீங்கள் அனுப்பிய திருத்தம் கிடைத்தது.
வன்னியென்சிஸ் அல்ல, வன்னியென்சே.
பேரினம் நபுஞ்சகம் என்பதால்
அடைமொழியும் நபுஞ்சகமாக வேண்டும் என்கிறீர்கள்.

ஏற்கிறேன்.
எங்கள் இலக்கணத்தில் இந்தத் தொல்லை இல்லை.
கண்ணுக்குத் தெரியாததும்
எருமையும்
எருமை முதுகில் நிற்கும் கொக்கும்
ஒரே திணை.
இன்னொன்று: எங்கள் பேச்சில் சே என்பது
சலித்தவர் சொல்லும் சொல்.
பரவாயில்லை, பொருந்துகிறது.

முதல் படிவத்தில் குளத்தின் பெயரையே வைத்திருந்தேன்.
பாலையடிவெட்டைக்குளம்.
நீளம், நாவுக்குக் கடினம் என்று எழுதினீர்கள்.
கேதீஸ் அதை மோட்டார் சைக்கிளில் போகிறபோதே
ஒரு மூச்சில் சொல்லுவான்.

பெறப்பட்ட இடம் என்ற கட்டத்துக்கு:
அலைகரை, துருசிலிருந்து தெற்கே நூற்றிருபது அடி,
கேதீஸின் எருமையொன்றின் பின்னங்கால் பதிந்த குழி.
நீரின் மேல் எண்ணெய் போலொரு படலம்.
குச்சியால் தொட்டேன்.
எண்ணெய் என்றால் திரும்பக் கூடியிருக்கும்.
இது கண்ணாடிபோல் உடைந்து, உடைந்தபடியே மிதந்தது.
கீழே துருநிறச் சேறு.
இவ்வளவு இரும்பு எங்கிருந்து வந்தது என்று
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்.
இந்த மண்ணில் இயல்பாகவே உண்டு என்று எழுதினேன்.
அது பொய்யல்ல.
முழுப் பதிலும் அல்ல.

தட்டில் ஒரு புள்ளியாய்த் தெரிய நாற்பத்தொரு நாள்.
அதற்குள் இரண்டு தரம் கரண்ட் போனது.
டீசல் வாங்கப் போன குகதாஸ் பரந்தன் சந்தியில் வரிசையில் நிற்க
நான் மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து
நீங்கள் பெயர் திருத்திக்கொண்டிருக்கும் உயிரைச் சுற்றி அடுக்கினேன்.
மூன்று நாள் அறையெல்லாம் சூடை மீன் மணம்.

இரண்டு நாடுகளில் உயிரோடு வைத்தால்தான்
பெயர் செல்லும் என்பது உங்கள் விதி.
ஜப்பானுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று.
உலர்ந்து, குப்பிக்குள் மூச்சடக்கிப் போயின.
ஜெர்மனி ஒன்பது நாளில் ஏற்றுக்கொண்டது.
என் அண்ணனை ஏற்க அதே நாட்டுக்குப் பதினொரு வருடம்.
தொலைபேசியில் சொன்னபோது சிரித்தான்.
"அதின்ர வக்கீல் ஆர்?" என்றான்.

வளர்க்க முடியாதவற்றுக்கு நீங்கள் முழுப்பெயர் தருவதில்லை.
தடயம் இருக்கிறது,
இன்னாருக்கு உறவு என்றும் தெரிகிறது,
உயிரோடு காட்டத்தான் முடியவில்லை.
அவற்றின் முன்னால் வேட்பாளர் என்று ஒரு சொல் மட்டும் நிற்கும்.
அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து
படங்கள் கட்டிய பந்தலை பஸ் கடக்கும்போது
நான் மற்றப் பக்க யன்னலில் இருக்கிறேன்.

முன்னால் முறைப்படி வைத்த பெயரே நிற்கும்,
பின்னால் வந்தது எவ்வளவு பெரிய ஆள் வைத்ததானாலும்
வெறும் இணைப்பெயர்.
இந்த விதியைப் பிரதியெடுத்து
மேசைக் கண்ணாடியின் கீழே வைத்திருக்கிறேன்.
குளத்தடியில் போன மாதம் புதிதாய் ஒரு பலகை நட்டார்கள்.
அது இந்த விண்ணப்பத்துக்கு வேண்டாத செய்தி.

கேதீஸ் வந்து பார்த்தான்.
நோய் தருமா?
இல்லை.
பால் கூடுமா?
அதுவும் இல்லை.
அப்ப ஏன் பெயர்?
ஜப்பான் தந்த வைப்பு எண்ணைக் காட்டினேன்.
எழுத்தெழுத்தாய்ப் பார்த்தான்.
"ஓ, குறி சுட்டாச்சு.
இனி ஆரும் தங்கட மாடெண்டு சொல்லேலாது."

திருத்திய படிவம் இணைப்பில்.
சே என்றே முடித்திருக்கிறேன்.
பெறப்பட்ட இடத்தின் ஒளிப்படம் மீண்டும் கேட்டிருந்தீர்கள்.
நேற்றுப் போனேன்.
குளம் வான் பாய்கிறது,
குழி எட்டடித் தண்ணீருக்குக் கீழே.
கரையில் அதே எருமைகள்
புதிதாக நிறையக் குழிகள் போட்டிருக்கின்றன.
அதில் ஒன்றை எடுத்து அனுப்ப மனமில்லை.

இப்படிக்கு,
தர்மினி சபாநாயகம்
கிளிநொச்சி