சுற்றுக் கணக்கு

கொழும்பிலிருந்து வந்த பேரிங்கைப் பொதிந்திருந்தது
ஞாயிற்றுப் பத்திரிகையின் பாதிப் பக்கம்.
கிரீஸ் ஏறாத இடங்களை வாசித்தேன்.

எல்லாம் இழையாம்.
கல், வெளிச்சம், அட்டை குடித்த ரத்தம்,
எதைப் பிரித்துக்கொண்டே போனாலும் கடைசியில்
ஒரே இழைதானாம். துடிப்புத்தான் வேறு வேறாம்.
அதற்குக் கீழே கிரீஸ்.

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவன் நான்.
பதினாறு வருசம்.
வேறு யாரும் சிரித்திருப்பார்கள்,
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒரே செம்புதான்.
எண்பது சுற்றில் தண்ணிப் பம்பு,
நானூறில் மேசை விசிறி.
சுற்றை மாற்றினால் பொருள் மாறும், குரல் மாறும்.
கம்பியின் தடிப்பும் மாறும்தான்.
அந்த இடத்தில் என் விளக்கம் லேசாகத் தீய்ந்து
வார்னிஷ் மணந்தது.
விட்டுவிட்டேன்.

இன்னொரு மூலையில், பத்துப் பரிமாணம்.
நாலு நமக்குத் தெரியுமாம், காலத்தையும் சேர்த்து.
மிச்சம் ஆறும் சுருண்டு கிடக்கின்றனவாம்,
எவ்வளவு சிறிசென்றால்
மறுபடி கிரீஸ்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில்
ஏழு பேர் வளர்ந்தோம்.
அக்கா கலியாணம் கட்டிய மாசம்
குறுக்கே ஒரு சேலை கட்டினார்கள்.
சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு நடந்தது:
சண்டை, சமாதானம், ரேடியோ,
பிறகு ஒரு பிள்ளை.
தோட்டத்துப் புத்தகத்தில் கடைசிவரை
அது ஒரு காம்பராதான்.
அளக்க வந்தவர் வாசலில் நின்றே அளந்தார்.
ஆறு மடிப்பு என்கிறார்களா,
இருக்கட்டும்.

பாடசாலைப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்த
ஸ்டெல்லாராணி டீச்சரிடம் கேட்டேன்.
"கணக்கு அழகாக வருகிறது," என்றார்.
"கண்டவர்கள் இல்லை.
அவ்வளவு சிறிசுக்குள் போய்ப் பார்க்க
மெசின் இல்லை."
"எத்தனை வருசமாய்?"
"ஐம்பது இருக்கும்."
கிரைண்டருக்குக் காத்திருந்த பாக்கியராசன்
பீடியை அணைத்தான்:
"நம்ம சம்பள உயர்வும் அப்படித்தான் டீச்சர்.
கணக்கு வரும்."
டீச்சர் சிரித்துவிட்டு அட்வான்ஸ் ஐந்நூறு தந்தார்.

மவுசாக்கலையில் தண்ணி வற்றினால்
மூழ்கிய கோயில் எழும்பி வரும்,
போட்டோ எடுத்துக்கொண்டு நம்புவோம்.
இது எந்தக் கோடைக்கும் வராதாம்.

பம்பு முடிந்த இரவு
பனிமூட்டம் கதவுப் பலகை வழியே உள்ளே நின்றது.
ஓடவிட்டு,
ஸ்க்ரூட்ரைவர் நுனியை மோட்டரில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்தேன்.
பேரிங் நல்லது. சுற்று நல்லது.
கரண்ட் போனது.
கையை எடுக்கவில்லை.
செத்த இரும்புக்குள் என்னவோ
மெல்ல, விட்டு விட்டு.
என் நாடியாக இருக்கும்.
மேசையில் வைத்தேன், இருந்தது.
சுவரில் வைத்தேன், இருந்தது.
நாடியேதான்.
இருந்தாலும் தண்ணிப் போத்தலிலும்
ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.

கரண்ட் வந்ததும் விசிறிக்குச் சுற்ற உட்கார்ந்தேன்.
இருநூற்றேழா, இருநூற்றெட்டா?
யோசனையில் எண்ணிக்கை தவறிப்போனது.
ஒரு சுற்றுப் பிசகினாலும் விசிறி ஓடும்,
எனக்குத்தான் தூக்கம் வராது.
இந்த மலையையும் மழையையும் சுற்றினவர்
எண்ணித்தான் சுற்றினாரா,
நடுவில் யாராவது கூப்பிட்டார்களா?
அவிழ்த்தேன்.
ஒன்று.