எக்கட்டப் பார்த்து

சங்ககிரி, எடப்பாடி ரோடு,
லாரி ஆபீசின் மாடி அறை.
என் மேசைமேல் இந்தியா, ஒன்றரை அடி அகலத்தில்.
அதில் பதினான்கு பச்சை அம்புகள்.
ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் ஓர் எண்.
எண் மட்டும் என்றால் வேகம்.
அம்பும் சேர்ந்தால் திசைவேகம்.
திருச்செங்கோட்டில் மூன்று வருடம் இயற்பியல் படித்து
வேலைக்கு உதவியது இந்த ஒரு சொல்.

முதலாளி பொங்கியண்ணன் படியேறும்போதே கேட்பார்:
"அம்மணி, நாப்பத்திநாலு பதினேழு எத்தனைல போவுது?"
"அறுபத்திரண்டுங்க."
"அதில்ல அம்மணி, எக்கட்டப் போவுது?"
இரண்டையும்தான் கேட்கிறார்.
டீசலுக்கு ஒன்று, சரக்குக்காரருக்கு இன்னொன்று.

வேகத்தை இந்த ஊர் எங்கெல்லாம் போட்டுவைத்திருக்கிறது!
ஊசி போட்டு வந்து படுத்தால் மருந்து வேகம்.
பங்காளியின் பைக்கை உதைத்துத் தள்ளிவிட்டு வந்த தம்பி
"ஒரு வேகத்துல பண்ணிட்டேன்" என்கிறான்,
எந்தப் பக்கம் போன வேகமென்று சொல்லாமல்.
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை.
திசைக்கும் தடை உண்டு,
ஒருவழிப்பாதை என்று அதற்கு வேறு பெயர்.
பழைய சொல் ஒன்று, கதி.
ஓட்டமும் அதுதான், ஓடிச் சேர்கிற முடிவும் அதுதான்.
'நீயே கதி' என்று விழுந்தால்
எழுந்திருக்கத் தேவையில்லாத இடம்.
பாடப்புத்தகம் அதைத் தொடாமல் விட்டது நல்லது,
யார் மதிப்பெண் போடுவது.

அர்த்தநாரி ஜவ்வரிசி ஏற்றிக் கவுகாத்தி போய்
தேயிலையோடு திரும்பி
கோயமுத்தூரில் இறக்கிவிட்டு வருவதற்கு
இருபத்தாறு நாள்.
ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
புறப்பட்ட அதே எடைமேடைப் பக்கம் வந்து நிற்கும் வண்டி.
ஆக, இடப்பெயர்ச்சி சுழி.
சராசரி திசைவேகம் சுழி.
தேய்ந்த டயர் சூத்திரத்தில் வராது.
செக்போஸ்ட்டில் நின்ற இரண்டு பகலும் வராது.
நல்லவேளை, பேட்டா கிலோமீட்டர் கணக்கில்.
என்னையும் இதில் போடலாம்:
எட்டரைக்கு மகுடஞ்சாவடி பஸ்,
ஏழுக்கு அதே பஸ் எதிர்ப்பக்கம்.
ஆறு வருடம். போட்டுப் பார்க்கவில்லை.

பூங்கோதை பொழுதோட கூப்பிடுவாள், அர்த்தநாரியின் மனைவி.
எண்ணைக் கேட்டதே இல்லை.
"ஏனுங் அக்கா, வண்டி மூஞ்சி இக்கட்டத் திரும்பிருச்சுங்களா?"
அவ்வளவுதான்.
திரும்பிவிட்டது என்றால் இருபதில் ஊர்ந்தாலும் அவளுக்குப் போதும்.
இன்னும் அக்கட்டால என்றால்
எண்பதில் பறந்தாலும் போனை வைத்துவிடுவாள்.
வாத்தியார் கரும்பலகை நிறைய எழுதிய வரையறை
அவளிடம் ஒரு மூஞ்சியாக இருந்தது.

நேற்று ராத்திரி ஆள் வராததால் நானே உட்கார்ந்திருந்தேன்.
விஜயநகரம் தாண்டியதும்
ஐம்பத்தெட்டு முப்பத்தொன்றானது.
பிறகு பூஜ்யம்.
பன்னிரண்டே முக்கால்.
போன் அணைந்திருக்கிறது என்றது தெலுங்கில் ஒரு பெண்குரல்.
ஒன்றரை. இரண்டு. இரண்டே கால்.
சுழி வெக்டருக்குத் திசை கிடையாது.
எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
திரையிலோ
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அம்பு தெற்கே பார்த்தபடி.
கடைசியாகத் தெரிந்ததை அழிக்கத் தெரியாமல்
மென்பொருள் வைத்திருக்கிறது.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும்,
இரண்டரைக்குப் பூங்கோதை கூப்பிட்டபோது
"இக்கட்டதான் பாத்து நிக்குது" என்றேன்.
"செரிங் அக்கா" என்றாள்.
தூங்கிய குரல் இல்லை.

நாலு பத்துக்கு
பூஜ்யம் மூன்றானது.
நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.
ஏழு.
அம்பு கிழக்கே சாய்ந்தது, பிறகு வடக்கே.
வடக்கேதான்.
பதினொன்று, பன்னிரண்டு என்று நொடிகளை எண்ணினேன்.
ஏதோ டாபாவின் வாசலைச் சுற்றி வெளியே வருகிற வளைவாக இருக்கும்.
பிறகு மேற்கு, பிறகு தெற்கு.
நாற்பது. நாற்பத்தாறு.

அவளைக் கூப்பிட இன்னும் எண்ணை அழுத்தவில்லை.
திரும்பிவிட்டது என்று சொன்னால்
எப்போது திரும்பியிருந்தது என்று கேட்பாள்.