உங்களை இயக்குவது எது?

நவம்பரில் தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார்.
காலணியைக் கழற்றவில்லை;
அவர் நடந்த இடமெல்லாம் பனி உருகிக் குட்டையானது.
ஆளுக்கொரு மஞ்சள் தாள் தந்து
"உங்களை இயக்குவது எது? ஒரே சொல்லில்" என்றார்.
பதினான்கு பேர் நாங்கள், பனி தள்ளும் வண்டிக்காரர்கள்.
எட்டுப் பேர் எழுதியது: டீசல்.
வெய்க்கோ மட்டும் "மனைவி" என்று எழுதி
அடித்துவிட்டு
ஒன்பதாவது டீசல் ஆனான்.

பொறுப்பாளர் தூலிக்கி சிரிக்கவில்லை.
அவர் போனதும் தாள்களைச் சுவரிலிருந்து பிய்த்து
பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்:
எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர்,
யாருக்கு எத்தனை இரவு.

கயானி ஊரில் டிசம்பர் என்பது ஒரே இரவு.
நடுவில் பகல் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
அன்று மழை. பனியைவிடப் பொல்லாதது மழை;
விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும்.
என் பட்டியலில் பதினொரு தெரு, ஒரு பாலம்.
எனக்கு அது ஆறாவது இரவு.
தெருக்களுக்குச் சரளை தூவி முடித்து
பெட்ரோல் நிலையத்தின் ஓரம் நிறுத்தினேன்,
ஒரு நிமிடம் கண்ணை மூடலாமென்று.
ஒரு நிமிடம் நாற்பதாகிவிட்டது.

பாலத்தில் பள்ளிப் பேருந்து பக்கவாட்டில் வழுக்கி
தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றது.
பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் உதட்டில் கீறல்.
அந்தக் கீறலை நான் பார்க்கவில்லை.
பார்க்காததால் அது எனக்குள் நீண்டுகொண்டே போனது.

ஏழரை மணிக்கு, மேசைமேல் வைத்த தொலைபேசியிலிருந்து
நகராட்சியின் குரல் கேட்டது:
"யார்?"
அவர்களுக்கும் ஒரே சொல்லில் வேண்டியிருந்தது.
என் வண்டி நின்ற இடம், நின்ற நேரம்
எல்லாம் அவள் திரையில் இருந்தது.
பச்சைப் புள்ளி. அசையாத பச்சைப் புள்ளி.
நான் வாய் திறக்குமுன் தூலிக்கி சொன்னாள்:
"பட்டியல் போட்டது நான்.
ஐந்து இரவுக்கு மேல் போடக்கூடாது, ஆறாவது போட்டேன்.
என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

யாரும் கை தட்டவில்லை.
காபி இயந்திரம் ஒருமுறை உறுமி அடங்கியது.

தட்டிக்கொடுத்தாள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.
வெளியே, வண்டிகளின் இடுக்கில், கையுறையைக் கழற்றிவிட்டு
"தூக்கம் வந்தால் என்னை அழைக்க வேண்டும்.
இரண்டு மணிக்கும் அழைக்கலாம், மூன்று மணிக்கும் அழைக்கலாம்.
நீ அழைக்கவில்லை. அது உன் கணக்கு" என்றாள்.
கொஞ்சம் நடந்து, திரும்பாமலே:
"நாளை உனக்கு விடுப்பு. மறுநாள், முதலில் பாலம்."

அந்த வாரம் லிபான் அழைத்தான்,
அதிகாலை மூன்றேகாலுக்கு, கண் சொருகுகிறதென்று.
வந்தாள். கோட்டுக்குள் இரவு உடை.
சாவியை வாங்கி மேட்டுத் தெருவை அவளே முடித்தாள்,
மோசமாகத்தான். இரண்டு தபால் பெட்டிகள் போயின.
வெய்க்கோ இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்,
அவள் முகத்துக்கு நேராகவே.

சம்பளம் ஏறவில்லை.
அவளுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம்
காபிக் கோப்பைக்கு அடியில் கிடக்கிறது, வட்டக் கறையோடு.
எங்களில் ஒருவர் பிறந்தநாளும் அவளுக்கு நினைவில்லை.

ஜனவரியில் தலைநகரிலிருந்து மறுபடி ஒரு தாள்:
உங்கள் தலைமைக்கு மதிப்பெண் இடுக, ஒன்று முதல் ஐந்து வரை.
பாலத்தைத் தாண்டி நிறுத்தி, எடுத்துப் பார்த்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் இன்னும் சூடேறவில்லை,
இரவெல்லாம் வண்டியில் கிடந்த பேனாவில்
மை உறைந்திருந்தது.
தாளை மடித்துச் செருகிவிட்டு
வண்டியைத் திருப்பினேன்.
பட்டியலில் பாலம் ஒருமுறைதான்.
இன்னொரு முறை தூவிக்கொண்டே போனேன்.