பால் நோட்டு

சந்தியாகோ நகரத்தில் எங்கள் வேலைக்கு
இரண்டு பெயர்.
கதவுக்கு வெளியே என்றால்
வேலை முடிந்ததும் பேருந்து ஏறிப் போய்விடுகிறவள்.
கதவுக்கு உள்ளே என்றால் நான்.

சலவை இயந்திரத்துக்குப் பின்னால் என் அறை.
கட்டில்மேல் ஏறி நின்றால்தான் கதவைச் சாத்தலாம்.
ஜன்னலும் உண்டு,
சமையலறையைப் பார்த்துத் திறக்கும்.

பேசியது ஒரு குழந்தைக்கு.
முதல் மாதம் குழந்தை மட்டும்.
அப்புறம் குழந்தையின் துணி.
அதோடு சேர்த்துச் சுற்றிவிட்டால் என்ன என்று
பெரியவர்களின் துணி.
துணி இருந்தால் இஸ்திரி இல்லாமலா?
பிறகு நாய். பெயர் துருஃபா.
இரண்டுக்கும் ஒரே பூங்கா, ஒரே நடை,
சிக்கனம்தானே என்றார் தோன் ரெனாத்தோ.
போன வாரம் அவருடைய அம்மா வீட்டுத் திரைச்சீலைகள்
டாக்ஸியில் தனியாக வந்து இறங்கின.

சம்பளம் மட்டும்
முதல் நாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு
எழுந்திருக்கவில்லை.

"நீ இந்த வீட்டில் ஒருத்தி, ஹெர்மெலிந்தா."
இருக்கலாம்.
தயிர் டப்பாவில்கூட அவரவர் பெயர் ஒட்டிய வீட்டில்
எந்தத் தட்டு என்னுடையது என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

நோட்டைக் கொடுத்தது செனோரா பெர்னார்தித்தா.
மஞ்சள் அட்டை, கட்டம் போட்ட தாள்.
எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு,
ஏப்பம் விட்டானா, எப்போது விழித்தான்,
ஒன்று விடாமல் எழுது என்றாள்.
ஒன்று விடவில்லை.

மார்ச் 9. இரவு 11.40. 120 மில்லி.
1.15. அழுகை. காரணம் தெரியவில்லை.
3.05. 90 மில்லி. கக்கினான். விரிப்பு மாற்றியது.
4.50. தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடை, நாற்பது நிமிடம்.
6.00. நாய்.

ஞாயிறு மாலை சதுக்கத்தில்
பொரித்த மீன் வாசனைக்கு நடுவே சோய்லா சொன்னாள்:
"கூடக் கொடு என்று கேட்டுப் பார்.
ராத்திரி முழித்ததற்கு யாரடி சாட்சி என்பார்கள்."

சாட்சிக்கு ஏழு மாதம்.
பேச்சு வரவில்லை.
ஆனால் அவன் சொல்ல வேண்டியதையெல்லாம்
நான் எழுதி வைத்திருந்தேன்.

திங்கள் இரவு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தபின்
நோட்டை மேஜைமேல் வைத்தேன்.
"இது பல்தசாரின் நோட்டு ஆச்சே?" என்றாள்.
ஆமாம், செனோரா.
அவன் விழித்திருந்த நேரமெல்லாம் இதில் இருக்கிறது.
தூக்கி வைத்திருந்தது யார் என்று மட்டும்
நீங்கள் எழுதச் சொல்லவில்லை.

தோன் ரெனாத்தோ காப்பீட்டுக் கம்பெனிக்காரர்.
ஏழு மணிக்குமேல் உட்கார்ந்தால் அவருக்குத் தனிக் காசு.
கால்குலேட்டரை எடுத்தார்.
ஒரு வாரத்தைக் கூட்டினார்.
அழித்துவிட்டு மறுபடி கூட்டினார்.
பாவம், அதே தொகைதான் வந்தது.

"நீ அவன்மேல் பாசமாக இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்"
என்றாள் செனோரா, நோட்டைப் பார்த்தபடி.

ஒரு நிமிடம் என் வாய் கட்டிவிட்டது.
அவன் முதலில் பிடித்து நின்றது
என் முழங்காலை.

பாசம்தான், என்றேன்.
அதற்கு நோட்டில் வரி இல்லை, விலையும் கேட்கவில்லை.
மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கேட்கிறேன்.

பதினொன்றரை வரை பேசினோம்.
(அதையும் எழுதிக்கொண்டேன்.)
வாரத்தில் நான்கு இரவு அவர்களுடையது.
மூன்று என்னுடையது, தனிக் கணக்கில்.
நாய் அதன் எஜமானருடையது.
பழைய மாதங்களைப் பற்றி யோசிக்க வேண்டுமாம்.
யோசிக்கட்டும். நோட்டு என்னிடம் நகல் உண்டு.

செவ்வாய் இரவு அவன் அழுதான்.
என் கால்கள் தாமாகத் தரையைத் தொட்டன.
அவற்றை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.
வைத்துப் பிடித்துக்கொண்டேன்.
சமையலறை விளக்கு என் ஜன்னலில் விழுந்தது.
கண்ணாடியில் ஒரு விரல் தட்டியது:
"எத்தனை கரண்டி?"
நான்கு, என்றேன், எழுந்திருக்காமல்.

காலையில் நோட்டில் அவள் கையெழுத்து.
2.20. 120 மில்லி.
பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே,
யாரும் கேட்காமலே:
ஐம்பத்தைந்து நிமிடம்.

திரைச்சீலைகளைப் பற்றி இன்னும் பேசவில்லை.
வாளியில் ஊறிக்கொண்டிருக்கின்றன.