பதினேழாம் எண் மீன்

கென்ட் ரிட்ஜ், இரவு பத்து.
தொட்டியில் முப்பது ராஸ்போரா.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
ஒரு விரால், அசையவில்லை.

வெய் ஷியான் தடுப்பைத் தூக்கினான்.

கூட்டம் ஒரே உடம்பாய்த் திரும்பியது.
யார் முதலில் திரும்பியது என்பதற்குத்தான்
எனக்கு மூன்றாண்டு மானியம்.

காணொளியை பிரேம் பிரேமாய் நகர்த்துகிறேன்.
நூற்று நாற்பதில் பதினேழாம் எண்
விராலைப் பார்த்தபடி முன்னே போகிறது,
ஒரு சாண் தூரம்.
உளவா, திமிரா?
அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

நூற்று நாற்பத்தாறில்
இருபத்தொன்பதுதான்.

இடைவெளி மூட எடுத்த நேரம்
முக்கால் நொடி.
பதிந்தேன்.

கீழே, கடைசிப் பேருந்துக்கு வரிசை.
எனக்கு முன்னால் நின்றவர்
சாலையில் இறங்கி எட்டிப் பார்த்தார்,
தொண்ணூற்றைந்து வருகிறதா என்று.

அதற்குள் அவர் இடத்தில்
நான் நின்றிருந்தேன்.